மதிப்பும் விலையும் – 17: எண்ணெய் வயலும் குவார்ட்டர்பேக்கும்

டிராஃப்ட் எனப்படும் வீரர் தேர்வு முறையும், அதில் பணம் புழங்காமலே விலை உருவாகும் விதமும் சென்ற வாரமே சொல்லப்பட்டுவிட்டன. தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகான என்.எஃப்.எல்.லில் உள்ள 32 அணிகளும் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் வரிசைப்படி எடுத்துக்கொள்கின்றன. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடமும் கோப்பை வென்ற அணிக்குக் கடைசி இடமும் கிடைக்கும். ஐ.பி.எல். ஏலத்தைப் போலப் பணத்தைக் கூவி வீரரை எடுக்க இங்கே வழியில்லை என்பதால், முன்வரிசை இடத்தை விரும்பும் அணி தன் கையிலுள்ள பிற இடங்களையும், தேவைப்பட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளின் இடங்களையும் கொடுத்தே அதைப் பெறுகிறது. ‘டிரேட் அப்’, அதாவது மேலேறுதல் என்பது இதுதான்.

இத்தகைய பேரங்களில் மிகப் பெரிய விலைகள் குவார்ட்டர்பேக்குக்காகவே கொடுக்கப்படுகின்றன. தாக்குதல் வரிசையின் ஏறத்தாழ ஒவ்வோர் ஆட்டத்திலும் பந்தை முதலில் பெற்று, அதை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பதை இரண்டு மூன்று வினாடிகளுக்குள் தீர்மானிப்பவர் அவரே. களத்தில் நிற்கும் பதினொருவரில் இவர் ஒருவர் சரியில்லையென்றால் மற்ற பத்துப் பேரின் திறமையும் வீணாகிவிடும். 2024இல் டாலஸ் கௌபாய்ஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதும், அந்த நிலையை எட்டக்கூடியவர் எனக் கருதப்படும் இளைஞருக்காக அணிகள் எதையும் இழக்கத் துணிவதும் இதனால்தான். அந்தத் துணிவு கணக்கில் நிற்குமா என்பதே இந்த வாரக் கேள்வி. அறிவித்தபடி சம்பள உச்சவரம்பின் பக்கத்திலிருந்து அதை அணுகுவதற்கு முன், எண்ணெய் வயல்கள் வழியாக ஒரு சுற்று சுற்றிவர வேண்டியிருக்கிறது.

தேர்வு இடங்களுக்கு எண்களால் விலை குறித்த அட்டவணை 1990களின் தொடக்கத்தில் டாலஸ் அணியில்தான் பிறந்தது. பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் அது அறியப்பட்டாலும், அதைத் தயாரித்தவர் அணி உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸின் எண்ணெய், எரிவாயுத் தொழில் கூட்டாளியான மைக் மெக்காய். முதல் இடத்துக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, பத்தாவதற்கு 1300, முதல் சுற்றின் கடைசியான 32ஆவதற்கு 590 என்று இறங்கிச் செல்லும் அந்தப் பட்டியல், முந்தைய ஆண்டுகளில் அணிகள் செய்துகொண்ட பேரங்களைத் தொகுத்து எழுதப்பட்டது என்பது கவனத்துக்குரியது. ஓர் இடத்தில் எடுக்கப்படும் வீரர் பின்னாளில் எவ்வளவு நன்றாக ஆடினார் என்பதை அது அளக்கவில்லை. ஆவல் கொண்ட அணிகள் அந்த இடத்துக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை மட்டுமே அது பதிவுசெய்தது. பிற அணிகளும் அதையே கையாளத் தொடங்கியபோது, முந்தையவர்களின் ஆவல் பிந்தையவர்களுக்கு அளவுகோலாகிவிட்டது.

எண்ணெய்த் தொழிலைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து இது வந்தது தற்செயல்தான் என்றாலும், அந்த அட்டவணையின் குறையை விளக்கக்கூடிய கோட்பாடும் அதே தொழிலில், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே உருவாகியிருந்தது. 1971இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தின் பொறியாளர்களான கேப்பன், கிளாப், கேம்பெல் ஆகிய மூவரும், மெக்சிகோ வளைகுடாவில் குத்தகை எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் கிட்டவில்லை என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். கடலடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் நிபுணர்களின் மதிப்பீட்டை நம்பியே விலை கேட்கிறது. அந்த மதிப்பீடுகளின் சராசரி உண்மைக்கு அருகில் இருந்தாலும், ஏலத்தை வெல்பவர் சராசரிக்காரர் அல்லர், எல்லோரையும்விட மிகையாக மதிப்பிட்டவர். 1969இல் அலாஸ்காவின் வடசரிவில் நடந்த குத்தகை ஏலத்தில் வென்ற கேள்விகளின் கூட்டுத்தொகை 90 கோடி டாலராக இருக்க, அவற்றுக்கு அடுத்தபடியாக நின்ற கேள்விகளின் கூட்டுத்தொகை 37 கோடிதான் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். உலகின் தேர்ந்த நிலவியலாளர்களை வைத்திருந்த நிறுவனங்கள், தமக்கு அடுத்து நின்றவரை வெல்லத் தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்திருந்தன.

எண்ணெய் வயல் அளவுக்குப் பெரியது எதுவும் இல்லாமலே இதைக் காணலாம் என்பதை பேசர்மன், சாமுவேல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் காட்டினர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேலாண்மை மாணவர்கள் முன்னிலையில் காசு போன்ற சிறு பொருள்கள் நிரப்பிய ஜாடிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றின் மதிப்பும் 8 டாலர் என்பது மாணவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மாணவர்கள் ஊகித்த மதிப்பின் சராசரி 5 டாலர் 13 சென்ட். அதாவது கூட்டமாகப் பார்த்தால் அவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். ஆயினும் ஏலத்தில் வென்ற கேள்விகளின் சராசரி 10 டாலர் 1 சென்ட். வகுப்பு முழுவதும் கஞ்சத்தனமாகக் கணக்கிட்டபோதும் ஜாடியைக் கைப்பற்றியவர் இரண்டு டாலர் நஷ்டத்தோடுதான் வெளியேறினார். போட்டியாளர்கள் கூடக் கூட, கையிலுள்ள தகவல் குறையக் குறைய, கேட்கும் விலையைத் தாழ்த்த வேண்டும் என்பதே பொறியாளர் மூவரின் அறிவுரை. ஒரே குவார்ட்டர்பேக்கை ஐந்து அணிகள் துரத்தும் ஏப்ரல் மாத டிராஃப்டில் நடப்பதோ இதற்கு நேர் எதிரானது.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தாலர், ஏலங்களின் இந்த விந்தையைப் பற்றி 1980களிலேயே எழுதியவர். கேட் மேஸியுடன் சேர்ந்து அவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அதே பார்வையைக் கால்பந்துத் தேர்வின்மீது திருப்பியது. ஒரே ஆட்டநிலைக்கு அடுத்தடுத்து எடுக்கப்படும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர் சிறந்தவராக விளங்கும் வாய்ப்பு, நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே அதிகம் என்பது அவர்களின் கண்டுபிடிப்புகளில் ஒன்று. இந்த ஆண்டு இரண்டாம் சுற்று இடத்துக்காக அடுத்த ஆண்டின் முதல் சுற்று இடத்தையே கொடுக்கும் வழக்கத்தை வட்டியாகக் கணக்கிட்டால், அது ஆண்டுக்கு நூறு விழுக்காட்டையும் தாண்டுகிறது என்பது மற்றொன்று. கந்துவட்டிக்காரரும் கேட்கத் தயங்கும் இந்த வட்டியை அணிகள் விரும்பியே செலுத்துகின்றன.

2012இல் வாஷிங்டன் அணி, ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்குக்காக ஆறாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏறியது. அதற்காக அந்த ஆண்டின் ஆறாவது, 39ஆவது இடங்களோடு 2013, 2014 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்று இடங்களையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்தது. கிரிஃபின் முதல் பருவத்தில் ஒளிர்ந்தார். 2013 ஜனவரியில் முழங்காலில் பலத்த காயமடைந்தபின் பழைய நிலைக்கு மீளவில்லை. அந்த ஆண்டு வாஷிங்டன் 16 ஆட்டங்களில் 13இல் தோற்றதால், ராம்ஸுக்குக் கொடுத்திருந்த 2014ஆம் ஆண்டு இடம் தேர்வு வரிசையின் இரண்டாவது இடமாக அமைந்தது. எந்த இடத்தை வாங்கக் கடன்பட்டதோ, அதே இடத்தைக் கடனின் கடைசித் தவணையாக அந்த அணி திருப்பிக் கட்ட நேர்ந்தது. 2014 டிசம்பர் 7 அன்று இரு அணிகளும் வாஷிங்டனின் சொந்த மைதானத்தில் மோதியபோது, ராம்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் நாணயச் சுண்டலுக்கு ஆறு பேரை அணித்தலைவர்களாக நடுக்களத்துக்கு அனுப்பினார்; அறுவரும் அந்தப் பேரத்தின் வழியாகக் கிடைத்த இடங்களில் எடுக்கப்பட்டவர்கள். கிரிஃபின் அதற்குள் தொடக்க வரிசையில் தம் இடத்தை இழந்திருந்தார். ஆட்டம் 24–0 என்று ராம்ஸ் பக்கம் முடிந்தது.

இது ஒருமுறை நேர்ந்த விபத்து என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2023இல் கரோலைனா பேந்தர்ஸ் அணி பிரைஸ் யங்குக்காக ஒன்பதாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏறியபோது, அந்த ஆண்டின் ஒன்பதாவது, 61ஆவது இடங்கள், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, இவற்றோடு டி.ஜே. மூர் என்ற சிறந்த பந்துபிடி வீரர் ஆகியவற்றைச் சிகாகோ பேர்ஸுக்கு அளித்தது. அடுத்த பருவத்தில் இரண்டு வெற்றி, பதினைந்து தோல்வி. சிகாகோவிடம் போன 2024ஆம் ஆண்டு இடம் முதல் இடமானது, அதில் அவர்கள் தங்கள் குவார்ட்டர்பேக்காகக் கேலெப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டனர். இரண்டு பேரங்களிலும் பொதுவாக உள்ள கண்ணி இதுதான்: கொடுக்கப்படும் வருங்கால இடத்தின் விலை கொடுக்கும் நாளில் முடிவாவதில்லை, வாங்கிய வீரர் தடுமாறினால் அணி தோற்கிறது, அணி தோற்றால் கொடுத்த இடம் உயர்கிறது. சறுக்கியவரிடமே அசல் கூடுதலாக வசூலாகும் கடன் இது.

அப்படியானால் மேலேறவே கூடாது என்று முடிக்கத் தோன்றும். 2017ஆம் ஆண்டின் ஒரே இரவு அந்த முடிவைத் தடுக்கிறது. அன்று சிகாகோ மூன்றாவது இடத்திலிருந்து ஒரேயொரு படி ஏறுவதற்காக மேலும் மூன்று இடங்களைச் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து மிச்சல் டுருபிஸ்கியை எடுத்தது. சான்ஃபிரான்சிஸ்கோ மூன்றாவதாக எடுத்ததோ ஒரு தற்காப்பு வீரரை. அதே இரவில் கேன்சஸ் சிட்டி 27ஆவது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது; 27ஆவது இடம், 91ஆவது இடம், 2018இன் முதல் சுற்று ஆகியவை அதற்கான விலை. மஹோம்ஸ் 2019, 2022, 2023 பருவங்களில் கோப்பை வென்று தந்தார். டுருபிஸ்கி நான்கு பருவங்களோடு சிகாகோவை விட்டு நீங்கினார்.

வென்ற அணிக்குக் கண் கூர்மை, தோற்ற அணிக்கு மந்தம் என்று இதை விளக்குவது எளிது. ஆனால் நாணயச் சுண்டலைவிடச் சற்றே மேலான துறையில் கண்ணை நம்பிக் கொள்கை வகுக்க இயலாது. கேன்சஸ் சிட்டியின் பேரத்தில் வீரரைத் தவிர்த்து நோக்கத்தக்கது அதன் கட்டமைப்பு. முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களை வென்றிருந்த அந்த அணியிடம் அலெக்ஸ் ஸ்மித் என்ற தேர்ந்த குவார்ட்டர்பேக் ஏற்கனவே இருந்ததால், மஹோம்ஸ் ஓராண்டு ஓரத்தில் அமர்ந்து கற்க முடிந்தது. அவர் பயனற்றுப் போயிருந்தாலும் அணி உடனே சரிந்திருக்காது என்பதால், கொடுத்த 2018ஆம் ஆண்டு இடம் 22ஆவதாக, அதாவது மலிவாக முடிந்தது. ஆகவே குவார்ட்டர்பேக் தேவை மிக அதிகமாக உள்ள அணியே மேலேறத் தகுதி மிகக் குறைந்த அணி என்ற கசப்பான விடைக்கே கணக்கு இட்டுச்செல்கிறது: தோல்வியைத் தாங்கும் வலு உள்ள அணி ஏறலாம், வேறு வழியில்லை என்பதற்காக ஏறும் அணி, ஜாடிக்குப் பத்து டாலர் கேட்ட மாணவரின் இடத்தில் நிற்கிறது.

இந்த விடைக்கும் ஒரு மறுப்பு உண்டு, அது சம்பளத்திலிருந்து வருகிறது. 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதியளிக்கப்பட்ட தொகை 5 கோடி டாலர். 2011இல் புதுமுகச் சம்பளத்துக்கு வரம்பு வந்தபின் அதே இடத்தில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் முழுவதும் 2.2 கோடி. தாலரும் மேஸியும் பயன்படுத்திய தரவுகள் பெரும்பாலும் பழைய சம்பளக் காலத்தவை என்பதால், மலிவான இளம் குவார்ட்டர்பேக் மிச்சப்படுத்தித் தரும் தொகை மேலேறுதலின் விலையை ஈடுகட்டுமா என்பது தனிக் கணக்காகிறது. இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்த அந்தக் கணக்கும், 2022இல் 262ஆவதாக, அதாவது கடைசி ஆளாக எடுக்கப்பட்டு அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுசென்ற பிராக் பர்டி அந்தக் கணக்கைக் குழப்பும் விதமும் அடுத்த வாரம்.

(தொடரும்)