கைக்குழந்தையும் கடிகாரமும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததும் அங்குள்ள கடிகாரம் தன் ஆட்சியை இழந்துவிடுகிறது. நள்ளிரவு எது, நண்பகல் எது என்று அறியாத ஒரு சிற்றுயிர், அதுவரை அலுவலக நேரத்துக்கும் பேருந்து நேரத்துக்கும் கட்டுப்பட்டிருந்த பெரியவர்களை எல்லாம் தன் போக்கில் ஆட்டி வைக்கிறது. பலர் கூடி வாழும் குடும்பங்களில் இது பெரிய இடராகத் தோன்றுவதில்லை. பாட்டியோ அத்தையோ குழந்தையை வாங்கிக்கொள்ள, தாய் சற்றே கண்ணயர்வாள். ஆனால் பணியின் பொருட்டுச் சொந்த ஊரைவிட்டு வந்து, தில்லி போன்ற நகரங்களில் இரண்டு அறைக் குடியிருப்புகளில் வாழும் இளந் தம்பதியரின் நிலை வேறு. பேறுகாலத் துணைக்கு வந்த தாயார் ஊருக்கு ரயில் ஏறிய மறுநாளே, குழந்தைக்கு எப்போது பால் கொடுப்பது, எப்போது உறங்க வைப்பது என்னும் கேள்வி அவ்வீட்டில் எழுந்துவிடுகிறது. சுவரில் ஒரு கால அட்டவணையை எழுதி ஒட்டினால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வட்டவணை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காண்போம்.

நியூஜிலாந்து நாட்டில் டாக்டர் ட்ரூபி கிங் என்பவர் 1907-ஆம் ஆண்டில் தாய் சேய் நலத்துக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டுமே பால் தர வேண்டும், இரவில் தரவே கூடாது, இடையில் குழந்தை அழுதாலும் எடுத்தல் ஆகாது என்பன அவருடைய முறையின் விதிகள். தூய்மை, காற்றோட்டம், தாய்ப்பாலின் மேன்மை ஆகியவற்றை அவர் வற்புறுத்தியது போற்றத் தக்கதே. ஆயினும் குழந்தையை ஒரு சிறு இயந்திரமாகக் கருதிய அவ்விதிகள் இங்கிலாந்து முதலிய நாடுகளிலும் பரவி, பல தலைமுறைத் தாய்மாரைக் கடிகாரத்தின் முன் கண்ணீரோடு நிற்க வைத்தன.

இதற்கு நேர்மாறான ஒரு சோதனை 1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. பிரெஸ்டன் மக்லெண்டன் என்னும் மருத்துவரும், பிரான்சஸ் சிம்சேரியன் என்னும் உளவியல் அறிஞரும் சேர்ந்து நடத்தியது அது. அந்த அம்மையார் அப்போதுதான் தாயானவர். அட்டவணை எதுவும் இன்றி, குழந்தை பசித்து விழித்தபோதெல்லாம் பால் கொடுத்துக் குறித்து வைத்தனர். முதல் சில நாட்கள் குழந்தை அதிகம் விழிக்கவில்லை. பால் சுரக்கத் தொடங்கிய பின், முதல் வாரத்தின் பிற்பகுதியில், நாளொன்றுக்குப் பத்து முறை அளவில் விழித்தது. இரண்டு வாரம் ஆனபோது அது ஆறு ஏழு முறையாகக் குறைந்தது. பத்தாவது வாரத்தில், யாரும் கற்பிக்காமலே, ஏறக்குறைய நான்கு மணி நேர இடைவெளிக்கு அக்குழந்தை தானாகவே வந்து சேர்ந்தது. அட்டவணை வற்புறுத்திப் பெற முயன்ற அதே ஒழுங்கு! எல்லாக் குழந்தைகளும் பத்தாவது வாரத்தில் இந்நிலையை எய்தும் என்று கொள்ளலாகாது. சிலவற்றுக்கு இன்னும் பல வாரங்கள் ஆகும்.

தாய்ப்பாலுக்குக் கடிகாரம் ஏன் ஒவ்வாதது என்பதை உடலியல் விளக்குகிறது. குழந்தை சுவைக்கும்போது தாயின் மூளையடியில் உள்ள சுரப்பி, பாலை உண்டாக்கும் நீரையும், பாலை வெளிப்படுத்தும் நீரையும் குருதியில் கலக்கச் செய்கிறது. இவற்றுள் முன்னது இரவில் மிகுதியாகச் சுரப்பதால், இரவுப் பாலூட்டலை அறவே நிறுத்துவது தொடக்க வாரங்களில் தீமையாகவே முடியும். மேலும், மார்பில் பால் தேங்கி நின்றால் ‘போதும்’ என்ற குறிப்பு உள்ளிருந்தே எழுந்து சுரப்பு குறைகிறது. பால் வெளியேற வெளியேற மறுபடியும் சுரக்கிறது. இறைக்க இறைக்க ஊறும் கிணறு என்று நம் நாட்டுப்புறத்துப் பெண்கள் கூறுவது அறிவியலுக்கு முற்றிலும் பொருந்துவது.

இங்கேதான் பெரிய அபாயம் காத்திருக்கிறது. மூன்றாம் வாரத்தை ஒட்டியும், ஆறாம் வாரத்தை ஒட்டியும், மூன்றாம் மாதத்திலும் சில குழந்தைகள் திடீரென்று மணிக்கொரு முறை பால் கேட்கும். வளர்ச்சி விரைவுறும் காலம் அது. இரண்டு மூன்று நாள் கேட்டபடி கொடுத்தால் சுரப்பு தானே பெருகிவிடும். ஆனால் அட்டவணையை நம்பிய தாய் அதனை வேறு விதமாகப் பொருள் கொள்கிறாள். ‘நேரம் ஆகுமுன்னே அழுகிறது, நமக்குப் பால் போதவில்லை’ என்று அஞ்சுகிறாள். வீட்டுக்கு வந்துபோகும் யாரேனும் அதற்குத் தலையசைக்கின்றனர். அன்று மாலையே ஒரு டப்பாப் பால் வீட்டுக்குள் நுழைகிறது. புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பை நாடுவது குறைகிறது; குறையவே சுரப்பும் குறைகிறது. தொடக்கத்தில் பொய்யாக இருந்த அச்சம் ஒரு மாதத்தில் மெய்யாகிவிடுகிறது. பால்மாவு விளம்பரங்களை நம் நாட்டுச் சட்டம் 1992-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. சுவரில் ஒட்டிய அட்டவணை செய்யும் விளம்பரத்தை எந்தச் சட்டமும் தடுக்க இயலாது.

ஆகையால் பார்க்க வேண்டியது கடிகாரத்தை அன்று, குழந்தையை. பசி எடுக்கும் குழந்தை வாயைத் திறந்து தலையை இருபுறமும் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டு போகும், உதட்டைச் சப்பும். அழுகை பசியின் கடைசி அறிகுறி. வீறிட்டு அழும் குழந்தைக்கு மார்பைப் பற்றவே பொறுமை இராது. அதை முதலில் சமாதானப்படுத்த வேண்டி வரும். முதல் மாதங்களில் இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிப்பது இயல்பே. போதுமா போதாதா என்ற ஐயத்துக்கு அளவுகோலும் உண்டு. முதல் வாரம் கழிந்த பின் நாள்தோறும் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடை ஏறிக்கொண்டு வந்தால் பால் போதுகிறது என்றே பொருள்.

கடிகாரத்துக்கு வேலையே இல்லையா என்றால், ஓரிடத்தில் உண்டு. பிறந்தவுடன் சிறிது எடை குறையும் குழந்தை, பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் அதை மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் உறங்கும் சிசுவை மெல்ல எழுப்பியேனும் பால் தருதல் வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவை, மஞ்சள் காமாலை கண்டவை ஆகியவற்றின் செய்தியில் மருத்துவர் சொல்வதே விதி.

இனி உறக்கம். முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குப் பதினான்கு முதல் பதினேழு மணி நேரமும், நான்காம் மாதம் முதல் பதினோராம் மாதம் வரை பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரமும் உறக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. பகல் உறக்கமும் இக்கணக்கில் அடங்கும். ‘இவ்வளவு உறங்கும் குழந்தை நம்மை ஏன் உறங்க விடுவதில்லை?’ என்று கேட்கத் தோன்றும். சிசுவின் உறக்கம் துண்டு துண்டானது என்பதே விடை. அதன் உறக்கச் சுற்று ஒன்று ஏறக்குறைய ஐம்பது நிமிடங்களே. அதிலும் பாதி, முகம் சுளித்து, கைகால் அசைத்து, முனகும் மெல்லிய உறக்கம். அம்முனகலை விழிப்பென்று கருதித் தூக்கிவிட்டால், உறங்கும் குழந்தையை நாமே எழுப்பியவராவோம். ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் பல வேளைகளில் அது மறுபடி ஆழ்ந்துவிடும். இரவு பகல் என்னும் வேறுபாடு உடலில் படிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் மங்கிய விளக்கும் மௌனமும் இருந்தால் அது எளிதில் படியும். இரவில் பால் கொடுக்கையில் கொஞ்சி விளையாட வேண்டியதில்லை.

‘ரொட்டீன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அலுவலகக் கோப்புகளில் மொழிபெயர்க்க நேரும்போதெல்லாம் நாம் சற்றுத் தயங்குவதுண்டு. அதன் மூலம் பாதை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பாதை, எதற்குப் பின் எது வரும் என்று காட்டும். எத்தனை மணிக்கு எந்த மைல்கல்லில் நிற்க வேண்டும் என்று ஆணையிடாது. குழந்தைக்கு வேண்டியது இத்தகைய வரிசையே. வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி மணி பிசகாது தொடங்க வேண்டும். தொட்டிலில் அந்த நிபந்தனை இல்லை.

நான்கு மாதக் குழந்தை ஒன்றைக் கொள்வோம். விழித்ததும் பால். பிறகு சிறிது விளையாட்டு, சன்னலோரம், குளியல். ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் அது கண்ணைக் கசக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கொட்டாவி விடும். உடனே உறங்க வைத்தல் நலம். அயர்ச்சி மிஞ்சிவிட்டால் உறக்கம் வருவது கடினம். உறங்கி எழுந்தால் மீண்டும் பால். இன்று ஆறு மணிக்கு விழித்த குழந்தை நாளை ஏழுக்கு விழிக்கலாம். அவ்வளவில் நாள் முழுவதும் நகரும், வரிசை மட்டும் நகராது. காலையில் விழிக்கும் நேரத்தையும், இரவில் படுக்கும் நேரத்தையும் அரை மணிக்கு இப்பால் அப்பால் நிலைநிறுத்திக்கொண்டால் இடைப்பட்டவை தாமே அமையும்.

இரவுப் படுக்கைக்கு முன் நாள்தோறும் அதே சில செயல்கள், அதே வரிசையில் நிகழட்டும். வெந்நீரில் உடல் துடைத்தல், உடை மாற்றல், பால், தாலாட்டு. தாலாட்டின் பொருள் குழந்தைக்கு விளங்காது. அது ஓர் அறிவிப்பாக விளங்கும். பாடுவது தாயாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தந்தையின் கரகரத்த குரலுக்கும் குழந்தைகள் உறங்கியே வருகின்றன. தூளியில் இட்டு ஆட்டும் வழக்கம் நமக்கு மிக இனியது. எனினும் துணி வளைந்து தாங்கும்போது சிசுவின் மோவாய் மார்பில் படிந்து மூச்சு தடைப்படக்கூடும். ஆதலின் கண்ணெதிரே ஆட்டி, உறங்கியபின் தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு. தலையணையும் கனத்த போர்வையும் அதனருகே வேண்டா. தில்லியின் தை மாதக் குளிரில் இது கேட்கக் கடினமாக இருக்கலாம். குளிருக்கு உடையை அளவோடு கூட்டலாம்.

ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். வடநாட்டு வைகாசி வெயிலிலும் தண்ணீர் தனியே தர வேண்டியதில்லை. ஒரு வயதுவரை தேன் நாவில் தடவுதல் ஆகாது. ஆறு மாதத்துக்குப் பின் மசித்த சோறும் பருப்பும் நாளுக்கு இரண்டு மூன்று வேளை சேரும்; ஒன்பதாம் மாதத்தில் மூன்று நான்கு வேளை. அப்போது உணவு நேரங்கள் வீட்டாரின் உணவு நேரங்களை நெருங்குவதால் ஒழுங்கு பெரும்பாலும் தானாகவே வாய்க்கிறது.

அலுவலகம் செல்லும் தாய்மாருக்குச் சில சொற்கள். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு இருபத்தாறு வார விடுப்பு கிடைத்தது. பணிக்குத் திரும்பிய பின் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும் அச்சட்டத்தில் இருந்தன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் இடம்பெற்றுள்ளன. கேட்டுப் பெறக் கூசுவோர் பலர், கூச வேண்டியதில்லை. விடுப்பு முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே, பகலில் யார் பார்த்துக்கொள்வாரோ அவர் கையால் பாலாடையிலோ கிண்ணத்திலோ பால் பருகக் குழந்தையைப் பழக்க வேண்டும். பிழிந்து வைத்த பால் மிதமான வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது. கோடையில் அதை நம்பாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே முறை. தாய் பின்பற்றும் வரிசையைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். அதில் மணியைக் காட்டிலும் அறிகுறிகளை எழுதுவது பயன் தரும்.

எவ்வளவு பழக்கினாலும் காய்ச்சலிலும், பல் முளைக்கும்போதும், பயணத்திலும் இவ்வரிசை குலையும். தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் ரயிலில் செல்லும் குழந்தை, எந்த வேளையும் பாராமல் மடியிலேயே கிடந்து, மடியிலேயே குடித்து உறங்கும். அங்கே பாட்டி வீட்டில் பத்து மணி வரை விழித்திருந்து எல்லோர் கையிலும் ஏறி இறங்கும். அதற்காக வருந்தி அதனோடு போராட வேண்டியதில்லை. வீடு திரும்பியதும் முதலில் மாலை வரிசையை மட்டும், அதே விளக்கு, அதே பாட்டு என்று மீண்டும் தொடங்கினால், பகல் வேளைகள் மூன்று நான்கு நாட்களில் பின்தொடர்ந்து வந்து சேரும்.