முதலீடும் நாட்டுக் காவலும்

பொருளோடு வருவோரை வரவேற்பது வணிகத்தின் இயல்பு. வருவோர் யாவர் என ஆராய்வது அரசின் கடமை. இவ்விரண்டும் முரண்படுமிடத்து அரசு யாது செய்தல் வேண்டும்? அமெரிக்க நாட்டின் பட்டறிவு இவ்வினாவிற்கு விடை காணத் துணைபுரியும்.

1975ஆம் ஆண்டில் அதிபர் ஃபோர்டு பிறப்பித்த ஆணையால் அங்கு அந்நிய முதலீட்டுக் குழு அமைந்தது. நிதியமைச்சர் இதன் தலைவர். பாதுகாப்பு, நீதி, வெளியுறவு, வணிகம் முதலிய துறைகள் இதில் இடம்பெறும். தொடக்கத்தில் முதலீடுகளைக் கண்காணித்ததேயன்றித் தடுக்கும் ஆற்றல் இதற்கில்லை. ஜப்பானின் புஜிட்சு நிறுவனம் கணிப்பொறிச் சில்லுகள் செய்யும் ஃபேர்சைல்டு நிறுவனத்தை வாங்க முற்பட்டு, எதிர்ப்பெழவே 1987இல் பின்வாங்கியது. அடுத்த ஆண்டே, நாட்டின் பாதுகாப்பிற்கு ஊறு தரும் உரிமை மாற்றத்தைத் தடுக்கும் அதிகாரத்தை அதிபருக்குச் சட்டம் வழங்கியது.

குழுவின் ஆய்வு மூன்று வினாக்களில் அடங்கும். வாங்குவோரால் தீங்கு நேருமா? வாங்கப்படும் நிறுவனம் எவ்வகையில் நலிவுடையது? தீங்கு நேரின் அதன் விளைவு யாது? இம்மூன்றையும் சேர்த்து எடைபோடுதலே முறை. வாங்குவோரின் நாட்டை மட்டும் கண்டு முடிவு செய்தல் முறையாகாது.

ஆயினும் 2006இல் நிகழ்ந்தது வேறு. துபாய் அரசுக்குரிய டிபி வேர்ல்டு நிறுவனம் இங்கிலாந்தின் பி அண்ட் ஓ நிறுவனத்தை வாங்கியபோது, நியூயார்க், பால்டிமோர், மியாமி உள்ளிட்ட அமெரிக்கத் துறைமுகங்களின் சரக்கு முனையங்களை நடத்தும் பொறுப்பும் உடன் வந்தது. குழு ஆராய்ந்து இசைவளித்தது; அதிபர் புஷ்ஷும் ஆதரித்தார். துறைமுகக் காவல் கடலோரக் காவற்படையிடமும் சுங்கத் துறையிடமுமே தொடர்ந்து இருந்திருக்கும். எனினும் 2001 செப்டம்பர்த் தாக்குதலின் நினைவு எதிர்ப்பை மூட்டியது. பிரதிநிதிகள் அவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழு 62க்கு 2 என்ற வாக்கில் எதிர்த்தது. நிறுவனம் தன் அமெரிக்க முனையங்களைக் கைவிட இசைந்தது. ஆய்வு தந்த விடையை அச்சம் அழித்துவிட்டது எனலாம்.

இதற்கு மறுதலையாய் நீதிமன்றம் காட்டிய நெறியும் உண்டு. ஒரேகான் மாநிலத்தில் கடற்படைப் பயிற்சிக் களத்தின் அருகே சீனர்க்குரிய ரால்ஸ் நிறுவனம் வாங்கிய காற்றாலைத் திட்டங்களைக் கைவிடுமாறு 2012இல் அதிபர் ஒபாமா ஆணையிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. நாட்டுப் பாதுகாப்புப் பற்றிய அதிபரின் முடிவில் அது தலையிடவில்லை. ஆனால், மறைபொருள் அல்லாத சான்றுகளை உரியவர்க்குக் காட்டி, மறுமொழி கூற வாய்ப்பளித்தல் வேண்டும் என வலியுறுத்தியது.

2018ஆம் ஆண்டுச் சட்டம் ஆய்வின் எல்லையை மேலும் விரித்தது. படைத்தளங்களை அடுத்த நிலங்களும், மக்களின் தனிப்பட்ட தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனங்களில் இடும் சிறு முதலீடுகளும் அதனுள் அடங்கின. அதிகாரம் பெருகுந்தோறும் நடுவுநிலையும் பெருகுதல் வேண்டுமன்றோ?

வள்ளுவர் தெரிந்து தெளிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாது நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் ஒருசேரக் கடிந்தார். முதல் தவறு நாட்டின் காவலைக் குலைக்கும். இரண்டாவது அதன் சொல்லின் மதிப்பைக் குலைக்கும். வாயிலில் காவலர் நிற்றல் இன்றியமையாதது. அவர் வருவோரின் பெயரைக் கேட்டதோடு அமையாது, கையிலுள்ளதையும் நோக்குதல் வேண்டும். அதுவே காவலும் நீதியும் ஒன்றுபடும் நெறி என்பது நம் துணிபு.