ஐந்தருவியும் நான்கு பலகைகளும்

ஆடிச் சாரல் தூறும் நாளொன்றில் தென்காசியிலிருந்து குற்றாலம் சென்று ஐந்தருவியின் எதிரே நிற்பவர்களுக்கு ஒரு விசேஷம் புலப்படும்: ஒரே நீரோட்டம் பாறையிலே பிரிந்து ஐந்து கிளைகளாக விழுகிறது, சீஸன் மந்தமாகிவிட்டால் சில கிளைகள் நூலாக மெலிய, கனம் குறையாத ஒரு கிளையே வந்தவர்களை நனைத்து அனுப்பிவிடுகிறது. செஸ் ஒலிம்பியாடில் ஒரு குழு ஆடும் விதமும் ஏறத்தாழ இதுதான்.

குழுவில் ஐவர், ஒரு சுற்றில் ஆடுபவர்கள் நால்வர். வென்றவருக்கு ஒரு புள்ளி, சமன் செய்தவருக்கு அரைப் புள்ளி. நான்கு பலகைகளிலுமாக இரண்டரைப் புள்ளி சேர்த்துவிட்ட குழுவுக்கே ஜயம். ஆகையால் பலகையின் முன் அமர்ந்தவர், எதிரே உள்ள ராஜாவை மட்டுமின்றிப் பக்கத்துப் பலகைகளின் கதியையும் கருத்தில் கொண்டே, சமனுக்கு இசைவதா, துணிந்து முன்னேறுவதா என்று நிர்ணயிக்க வேண்டியவராகிறார்.

2022 ஆகஸ்ட் 1 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது ஒலிம்பியாடின் மகளிர் பிரிவில், நான்காம் சுற்றிலே இந்திய ‘ஏ’ குழு ஹங்கேரியைச் சந்தித்தது. கோனேரு ஹம்பியும், நிறைமாத கர்ப்பிணியாக இருந்தும் ஆட வந்திருந்த ஹரிகாவும், சென்னைப் பெண் வைஷாலியும் ஆட்டங்களைச் சமன் செய்துவிட, குழுவின் பாரம் முழுவதும் தானியா சச்தேவின் பலகைமீது வந்து இறங்கியது. தம்மைவிட வயதில் மிக இளையவரான ஷோகா கால் என்பவரை அவர் வென்றார். இரண்டரைக்கு ஒன்றரை என்று இந்தியா ஜயித்தது.

ஆனால் ஆகஸ்ட் 9 அன்று, முதலிடத்தில் தனித்து நின்றபடி கடைசிச் சுற்றுக்கு வந்த குழு, அமெரிக்காவிடம் ஒன்றுக்கு மூன்று என்று தோற்றது. அன்று கரிஸ்ஸா யிப்பிடம் வீழ்ந்தவரும் அதே தானியாதான். தங்கம் உக்ரைனுக்கும் வெள்ளி ஜார்ஜியாவுக்கும் போக, இந்தியாவுக்குக் கிட்டிய வெண்கலமே ஒலிம்பியாடில் நம் மகளிர் அணி பெற்ற முதல் பதக்கம். நான்காம் சுற்றின் வெற்றிக்குத் தானியா ஒருவரையே புகழ்வதும், கடைசித் தோல்விக்கு அவரையே பழிப்பதும் இந்த ஆட்டத்தின் தர்மத்தை அறியாதார் செயல். அருவியின் அளவைத் தீர்மானிப்பது மலைமேல் பெய்யும் மழையேயன்றி ஒரு கிளை அன்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், புடாபெஸ்ட் நகரில் இந்திய மகளிர் குழு தங்கம் வென்றது. ஹரிகா, வைஷாலி, திவ்யா தேஷ்முக், வந்திகா அகர்வால் ஆகியோருடன் அந்த ஐவரில் ஒருவராகத் தானியாவும் இருந்தார்.