ஒளிபுகும் படலத்தின் மறுபாதி

கைப்பேசியின் தொடுதிரை விரல் பட்ட இடத்தை உணர்வதற்குக் காரணம், அதனுள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மென்படலம். ஒளியையும் தடுக்காமல் மின்சாரத்தையும் கடத்தும் அப்படலம் பெரும்பாலும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடால் ஆனது.

இது எலெக்ட்ரான்களைக் கொண்டு மின்சாரத்தைக் கடத்தும் 'என்' வகை. ஆனால், டையோடு, சூரிய மின்கலம் போன்றவற்றுக்கு, எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான 'துளை'களைக் கொண்டு கடத்தும் 'பி' வகையும் தேவை. ஒரு கை தட்டினால் ஓசை எழாது. எனினும், ஒளிபுகும் 'பி' வகைப் பொருள்கள் அரிதினும் அரிது. பெரும்பாலான ஆக்சைடுகளில் துளைகள் ஆக்சிஜன் அணுக்களை விட்டு எளிதில் நகர்வதில்லை என்பதே காரணம்.

அந்த அரிய பொருள்களுள் ஒன்று நிக்கல் ஆக்சைடு. அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 3.6 முதல் 4 எலெக்ட்ரான் வோல்ட் வரை. கட்புலனாகும் ஒளியின் ஆற்றல் அதைவிடக் குறைவு என்பதால், ஒளி ஊடுருவிச் செல்கிறது. படிகத்தில் சில நிக்கல் அணுக்கள் இயல்பாகவே விடுபட்டிருப்பதால் துளைகள் உண்டாகின்றன. இரண்டு நேர்மின்சுமை கொண்ட நிக்கல் அயனியின் இடத்தில், ஒரே நேர்மின்சுமை கொண்ட லித்தியம் அயனியைப் புகுத்தினால் மேலும் ஒரு துளை கிடைக்கும். இதுவே மாசூட்டல்.

ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் என்பது பொருளியலின் பாலபாடம். துளைகள் பெருகினால் கடத்துதிறன் உயரும், படலமோ பழுப்பேறும். 1993-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கிய நிக்கல் ஆக்சைடு படலம், ஒளியில் சுமார் 40 விழுக்காட்டையே ஊடுருவ விட்டது. கடத்துதிறனும் நல்ல இண்டியம் படலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே.

அப்படியாயின், இதனால் என்ன பயன்? டேவிட் ரிக்கார்டோ 1817-இல் விளக்கிய ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு இங்கு வழிகாட்டுகிறது. எல்லாவற்றிலும் முந்த வேண்டியதில்லை. தன் குறை பெரிதாகப் பாதிக்காத பணியைத் தேர்ந்தால் போதும். பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தில் நிக்கல் ஆக்சைடு படலத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். துளைகள் அந்தச் சிறு தொலைவைக் கடந்தால் போதுமானது. பரப்பு நெடுக மின்சாரத்தைக் கொண்டு செல்லும் பணியை இண்டியம் படலம் ஏற்கிறது.

எனவே, நிக்கல் வந்தால் இண்டியம் வேண்டாம் என்று எண்ணுவது பிழை. இவை ஒன்றுக்கொன்று பதிலீடு அல்ல, இணைப் பண்டங்கள். இந்தியா 2023-இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இண்டியம், நிக்கல், லித்தியம் மூன்றுமே உள்ளன. இண்டியம் ஏற்றுமதிக்கு 2025-இல் சீனா கட்டுப்பாடு விதித்ததையும் மறந்துவிடலாகாது.

ஆயினும், நிக்கல் ஆக்சைடைப் பொருத்தவரை கனிமம் பெருந்தடையன்று. ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் 100 நானோமீட்டர் தடிமனில் படலம் இட, ஏறத்தாழ அரை கிராம் நிக்கல் போதும். சூடான கண்ணாடியின் மீது கரைசலைத் தெளித்து இப்படலத்தைச் சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலும் உருவாக்கலாம்.

கடினமான பணி அதன் பிறகே தொடங்குகிறது. படலத்தைக் கருவியாக்க வேண்டும். வெயிலிலும் ஈரத்திலும் அது நிலைக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், படலத்தின் பண்புகளை அளந்ததோடு ஆய்வு நின்றுவிடும். பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு, கருவி வரை செல்ல வேண்டாமா? நிதி ஒதுக்குவோர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.