ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

"டாக்டர், இவனுக்கு வாரா வாரம் வயித்துவலி. அதுவும் ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்!"

அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள் கூட வந்திருந்த ஆயா குறுக்கிட்டார். "மீதி ஆறு நாளும் நல்லாத்தான் திங்கறான், வெளையாடறான். கோயிலுக்குக் கிளம்பறப்பதான் சுருண்டு படுத்துக்கறான்." கோயில் என்று அவர் சொன்னது மாதா கோயில், சர்ச். எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிறிஸ்தவப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பையனுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், வயிற்றை அழுத்திப் பார்த்தேன். குடல்வால், பூச்சித் தொல்லை எதுவும் இருந்துவிடக் கூடாதே என்று திருவண்ணாமலைக்கு அனுப்பி ஸ்கேனும் மலப் பரிசோதனையும் செய்துவரச் சொன்னேன். ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால் பையன் நடிக்கிறான் என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் இங்கேதான் தப்பு நடக்கிறது. மனசு இறுகினால் குடலும் இறுகும். வலி நிஜமான வலி. குன்ம நோய்க்கு உணவைப் போலவே கோபமும் கவலையும் காரணம் என்று பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். (தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், தொடர் வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம், இதில் எது இருந்தாலும் மனசைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.)

பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினேன். அவன் சம்மதத்தோடும் அவன் வீட்டார் சம்மதத்தோடும்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஒரு பௌர்ணமி ராத்திரி பள்ளிக்கூட சிநேகிதர்களோடு கிரிவலம் போயிருக்கிறான். பதினாலு கிலோமீட்டர் நடை, வழியெல்லாம் சுக்குக் காபி, பேச்சு, சிரிப்பு. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஏது? மறுநாள் துணி துவைக்கும்போது சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம். அம்மா அழுதிருக்கிறார். "நரகத்துக்கா போகப் போற?" என்று கேட்டுவிட்டார். அந்த வருஷம்தான் அவன் சபையில் திடப்படுத்தல் வகுப்பும் ஆரம்பமாகியிருந்தது.

"ராத்திரி படுத்தா அதே ஞாபகம் சார். போனா பொய் சொல்ற மாதிரி இருக்கு. போகலைன்னா பயமா இருக்கு."

"அப்பா என்ன சொன்னார்?"

"அப்பா ஒண்ணும் சொல்லலை சார். பதினெட்டு வயசானதும் நீயே முடிவு பண்ணிக்கோன்னுட்டு பேப்பரைத் தூக்கிட்டாரு. எனக்கு அம்மா மேல கூட இல்ல, அப்பா மேலதான் கோவம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. விட்டுக்கொடுத்த அப்பா மேல் ஏன் கோபம்? விசாரித்ததில் புரிந்தது. அப்பா நல்லவர், வற்புறுத்தாதவர். ஆனால் அவர் எதை நம்புகிறார் என்று பையனுக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியாது. கேட்டால் பேச்சை மாற்றுவார். அம்மா பயத்தைக் கொடுத்தார். அப்பா ஒன்றுமே கொடுக்கவில்லை. நடுவில் வயிறு மாட்டிக்கொண்டது.

இது கிறிஸ்தவ வீட்டுச் சங்கதி மட்டும் என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எட்டு வயசுப் பிள்ளைக்கு மாலை போட்டு விரதத்தில் வாட்டுகிற வீடுகளும் எனக்குத் தெரியும். என்னையே என் தகப்பனார் விடியற்காலை நாலரைக்கு எழுப்பித் தேவாரம் ஒப்பிக்கச் சொல்வார். தப்பினால் பிரம்பு. நான் கோயில் பக்கம் திரும்ப முப்பது வயசானது!

கிறிஸ்தவத்துக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில் உண்டு. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் குழந்தையை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வதோடு சரி. விவரம் தெரிந்து அவனே விரும்பினால்தான் முழுக்கு. முதல் வகையிலும் பெற்றோர் செய்ததே முடிவு இல்லை. வளர்ந்த பிள்ளை தன் வாயால் "ஆம், இது என் விசுவாசம்" என்று சொல்வதற்காகத்தான் சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரனிலும் திடப்படுத்தல், கத்தோலிக்கத்தில் உறுதிபூசுதல். "ஆம்" என்று சொல்ல ஒரு சடங்கு இருக்கிறதென்றால், "இன்னும் இல்லை" என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டாமா? படிக்கிற காலத்தில் பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்து நிழலில் இதைக் கிறிஸ்தவ சிநேகிதர்களோடு மணிக்கணக்கில் விவாதித்திருக்கிறேன்.

பெற்றோர் குழந்தைக்காகச் செய்வது லேசான காரியம் இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண். தந்தை இந்து, தாய் கிறிஸ்தவர். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. வளர்ந்தபின் தான் இந்து என்று சொல்லி, அரசு வேலைக்காக ஆதிதிராவிடர் சான்றிதழ் கேட்டார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் தவறாமல் சர்ச்சுக்குப் போய் வருகிறார், வேலைக்காக மட்டும் மதத்தைச் சொல்கிறார் என்பது தீர்ப்பின் முக்கியக் காரணம். 1950-ம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே அட்டவணை சாதியாகக் கருதப்படுவார்கள். தீர்ப்பைப் பற்றிச் சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். எனக்குப் பட்டது, பேச்சு வராத வயசில் தலையில் ஊற்றிய தண்ணீரும் முப்பது வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தது என்பதுதான்.

எதிர்ப்பக்க உதாரணமும் பக்கத்து ஜில்லாவிலேயே இருக்கிறது. திருப்பத்தூர் வழக்கறிஞர் ஸ்நேகா 2019 பிப்ரவரியில் சாதி, மதம் அற்றவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கினார். அவரைப் பள்ளியில் சேர்த்தபோதே பெற்றோர் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டார்கள். அவர் தங்கைகளின் பெயர் மும்தாஜ், ஜெனிபர். பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்ட வீடு என்று இதைச் சொல்லிவிட முடியாது. பெயர் வைக்கும்போதே தங்கள் கொள்கையைச் சொல்லிவிட்ட வீடு அது! பேப்பரைத் தூக்கிக்கொண்ட அப்பாவுக்கு நான் சொன்னதும் இதைத்தான்.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றது. அதன் 14-வது பிரிவு குழந்தைக்கு மனசாட்சிச் சுதந்திரம் உண்டு என்கிறது. அதே மூச்சில், வளர்ந்துவரும் திறனுக்கேற்ப வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் மதிக்கச் சொல்கிறது. ஆறு வயசுக்கு ஒரு அளவு, பதினைந்துக்கு வேறு அளவு. நாங்கள் மருந்து கொடுக்கிற மாதிரிதான்.

பையனுக்குச் சீரகத் தண்ணீரும் ஏலாதி சூரணமும் கொடுத்தேன். அம்மாவிடம், "ஜெபம் பண்ணுங்க, கூப்பிடுங்க, ஆனா ராத்திரியில நரகப் பேச்சு வேண்டாம். லெந்து காலத்துல அவனைப் பட்டினி போடவும் வேண்டாம், வளர்ற பிள்ளை" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என் கடமை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தான் உயிராக நினைப்பதைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் எந்தத் தாயால் இருக்க முடியும்? "கொடுங்கம்மா. கேள்வி கேட்டா அழாதீங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அப்பாவை மறுவாரம் வரச் சொன்னேன். வந்தார். தனக்குச் சின்ன வயசிலிருந்தே சந்தேகம், மனைவி வருத்தப்படுவாரே என்று சொல்லவில்லை என்றார். "பையன்கிட்ட சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க." அன்று சாயங்காலம் இருவரும் ஏரிக்கரையில் நடந்து போனதைப் பார்த்ததாக என் கம்பவுண்டர் சொன்னார். என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது.

போன மாதம் அம்மா மட்டும் முழங்கால் வலிக்கு வந்தார். பையனைப் பற்றி விசாரித்தேன்.

"வலி இல்ல டாக்டர். இந்த வருஷம் திடப்படுத்தல்ல பேர் குடுக்கல. அடுத்த வருஷம் பார்க்கலாம்னு ஐயர்கிட்ட அவனே போய்ச் சொல்லிட்டு வந்துட்டான்."

"ஐயர் என்ன சொன்னார்?"

"சரிப்பா, எப்பத் தோணுதோ வான்னாராம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கிறிஸ்துமஸுக்கு மட்டும் கூட வந்தான். பாட்டெல்லாம் பாடினான்."

கண் கலங்கியிருந்தது. முழங்காலுக்குப் பிண்டத் தைலம் கொடுத்து, மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லி அனுப்பினேன்.