வேருக்கும் மூச்சு வேண்டும்

வீட்டில் பூச்சட்டி வைத்திருப்பவர்கள் ஒரு தவற்றை ஒரு முறையாவது செய்திருப்பார்கள். செடி வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாளும் வாடியே இருக்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஒரு வாரத்தில் இலை மஞ்சளாகி, தண்டு அழுகி, செடி செத்துப்போகும்.

இப்போது பேரங்காடிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நெகிழிப் பையில் வேரோடு விற்கிறார்களே, லெட்டூஸ் எனப்படும் சாலட் கீரை, அது மண்ணைக் கண்ணால் கண்டதில்லை. முளைத்த நாள் முதல் அதன் வேர் தண்ணீரோடுதான் வாழ்ந்தது. அது மட்டும் ஏன் அழுகவில்லை?

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் ஹைட்ரோபோனிக்ஸ் என்கிற மண்ணில்லாப் பயிர் வளர்ப்பில் பாதி உங்களுக்குப் புரிந்துவிடும். கடையில் விற்கும் குழாய்களையும் பம்புகளையும் பார்த்து மயங்கவும் மாட்டீர்கள்.

இலை ஒளிச்சேர்க்கை செய்கிறது, உயிர்வளியை வெளியிடுகிறது என்று படித்திருக்கிறீர்கள். அதனால் செடிக்கு உயிர்வளியே தேவையில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இருட்டில் இருக்கும் வேர் ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. இலை அனுப்பும் சர்க்கரையை எரித்துத்தான் அதற்குச் சக்தி கிடைக்கிறது. எரிக்க உயிர்வளி வேண்டும். அதை வேர் தான் இருக்கும் இடத்திலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. உயிர்வளி கிடைக்காத வேர் சத்தை உறிஞ்ச முடியாமல் போகிறது. தண்ணீரையும் சரியாக உறிஞ்ச முடிவதில்லை. வெள்ளத்தில் நிற்கும் செடி வாடுவது அதனால்தான்.

தண்ணீரில் எவ்வளவு உயிர்வளி இருக்கும்? ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 டிகிரி செல்சியஸில் அதிகபட்சம் 8 மில்லிகிராம்தான் கரையும். அதுவும் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் தண்ணீருக்குள் பரவும். வேரைச் சுற்றியுள்ள உயிர்வளி தீர்ந்துவிட்டால், பக்கத்திலிருந்து புதிதாக வந்து சேர நெடுநேரம் பிடிக்கும்.

நம் ஊர் கங்கோங் கீரைக்கு இந்தக் கவலை குறைவு. அடுத்த முறை அம்மா கங்கோங் நறுக்கும்போது தண்டைப் பாருங்கள், உள்ளே வெற்றுக் குழாய். நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் இப்படிக் காற்றறைகள் இருக்கின்றன. மேலிருந்து காற்றைக் கீழே இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. சாலட் கீரைக்கோ தக்காளிக்கோ அந்த வசதி இல்லை. அவற்றைத் தண்ணீரில் வளர்க்க வேண்டுமானால் காற்றை நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

பம்பே இல்லாத பெட்டி

மிக எளிய முறையை ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பினார். ஒரு பெட்டி, அதற்கு ஒரு மூடி, மூடியில் துளை, துளையில் வலைக்கிண்ணம், கிண்ணத்தில் நாற்று. பெட்டி நிறையச் சத்துநீர். அவ்வளவுதான். மின்சாரம் தேவையில்லை.

காற்று எங்கிருந்து வருகிறது? முதல் நாள் சத்துநீர் கிண்ணத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். செடி வளர வளரக் குடிக்கும், நீர்மட்டம் இறங்கும். மூடிக்கும் நீருக்கும் இடையே ஈரக்காற்று நிறைந்த ஓர் இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளியில் இருக்கும் வேர்கள் காற்றிலிருந்தே சுவாசிக்கப் பழகிக்கொள்ளும். அடியில் இருக்கும் வேர்கள் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும். ஒரே செடி தன் வேர்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது!

இங்கேதான் நல்ல மனம் படைத்தவர்கள் தவறு செய்வார்கள். தண்ணீர் குறைந்துவிட்டதே என்று பெட்டியை மறுபடி விளிம்புவரை நிரப்புவார்கள். காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கும். செடி ஓரிரு நாளில் துவளும். நிரப்பத்தான் வேண்டும் என்றால் பாதிக்குமேல் போகாதீர்கள். ஒரு சாலட் கீரைக்கு அறுவடைவரை ஏறக்குறைய 4 லிட்டர் போதும்.

தேங்கிய தண்ணீர் என்றதும் உங்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். கீரைப் பெட்டியோ ஒரு மாதம் அசையாமல் நிற்கும். வீட்டில் கொசு உற்பத்தியாக இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றம். கீரை வளர்த்தேன் என்று சொன்னால் அதிகாரி விட்டுவிட மாட்டார். மூடி இறுக்கமாக இருக்கட்டும். கிண்ணத்தைச் சுற்றியுள்ள சந்துகளைப் பஞ்சு நுரையால் அடைத்துவிடுங்கள்.

குமிழி, ஓடை, ஏற்றவற்றம்

இரண்டாவது முறையில் பெட்டி அதேதான். மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். நீர்மட்டம் இறங்கக் காத்திருக்க வேண்டாம்; செடி வேகமாக வளரும். பம்பு நின்றால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். வேரைச் சுற்றித் தண்ணீர் நிறைய இருப்பதால் சூடும் சத்தின் அளவும் சட்டென்று மாறுவதில்லை.

மூன்றாவது, படங்களில் நீங்கள் அடிக்கடி பார்ப்பது. வெள்ளைக் குழாய்கள் வரிசை வரிசையாகச் சற்றே சாய்ந்திருக்கும். உள்ளே சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் சத்துநீர் ஓடை போல் ஓடிக்கொண்டிருக்கும். வேரின் அடிப்பக்கம் தண்ணீரில், மேல்பக்கம் காற்றில். ஆலன் கூப்பர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் உருவாக்கிய முறை இது. பார்க்க மிக அழகு. தண்ணீரும் குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் தொடக்கக்காரர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம், நான் பார்த்த ஒரு பள்ளியில் நடந்தது. மாணவர்கள் பாடுபட்டு அமைத்த குழாய்த் தோட்டம். வெள்ளிக்கிழமை மாலை யாரோ ஒருவர், கிளம்புமுன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகும் நல்ல பழக்கத்தில், பம்பின் சுவிட்சையும் அணைத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் குழாய்களில் இருந்தது காய்ந்த நார். மெல்லிய ஓடை நின்றால், நம் வெயிலில் வேர் காய ஒரு பிற்பகல் போதும். வளர்ந்த வேர்கள் பாய்போல் பின்னி ஓடையை அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது மேலே உள்ள செடி மூழ்கும், கீழே உள்ளது காயும்.

ஏற்றவற்ற முறை என்று ஒன்று உண்டு. களிமண் உருண்டைகள் நிரம்பிய தட்டில் ஒரு நாளில் சில முறை சத்துநீர் ஏறி, பிறகு வடியும். வடியும்போது உருண்டைகளின் இடையே புதிய காற்று உள்ளே இழுக்கப்படும். தட்டே மூச்சு விடுவதுபோல் இருக்கும். இதில் பம்பு நின்றாலும் உருண்டைகளில் ஒட்டிய ஈரம் சிறிது நேரம் காப்பாற்றும். துணித்திரி வழியே நீரை ஏற்றும் முறை புதினா, துளசிக்குச் சரி; தாகமுள்ள கீரைக்குப் போதாது. நம் கம்பங்களில் கறுப்புப் பைகளில் மிளகாய் நிற்கிறதே, அது தேங்காய் நார்த்தூளில் சொட்டுச் சொட்டாகச் சத்துநீர் விடும் முறை. காய்கனிக்கு நல்லது, வீட்டு அறைக்குச் சற்றுப் பெரிது.

வெப்பம் செய்யும் வேலை

இந்த முறைகளைப் பற்றிய காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எடுக்கப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் ஏமாற்றம்தான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே நேரத்தில் 10 டிகிரி கூடினால் வேரின் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. மாதக் கடைசியில் வீட்டில் நடப்பதுபோலத்தான்.

வேர் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்து பித்தியம் என்ற நுண்ணுயிரி வந்து சேரும். வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகி, வழவழப்பாகி, நாற்றம் அடிக்கும். அந்த நிலைக்கு வந்த செடியைக் காப்பாற்ற முயன்று நாளை வீணாக்காதீர்கள். எடுத்து எறிந்துவிட்டுப் பெட்டியை நன்றாகக் கழுவி மறுபடி தொடங்குங்கள்.

கேமரன் மலையில் சாலட் கீரை நன்றாக வருவதற்கு அங்குள்ள குளிர்ச்சியும் ஒரு காரணம். அப்படியானால் சமவெளியில் அது முடியவே முடியாதா? 1990களில் சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் கோங்கும் ஹீ ஜீயும் இதை ஆராய்ந்தார்கள். வீடு முழுவதையும் குளிரூட்டினால் செலவு கட்டாது. அவர்கள் வேரை மட்டும் குளிர்வித்தார்கள். மூடிய தொட்டிக்குள் வேர்கள் அந்தரத்தில் தொங்கும். ஏறக்குறைய 20 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட சத்துநீர் பனிமூட்டமாக அவற்றின்மேல் தெளிக்கப்படும். இலைகள் வெப்பமண்டல வெயிலிலேயே இருந்தன. தலை சூட்டில், கால் குளிரில், கீரை செழித்தது. ஏரோபோனிக்ஸ் எனப்படும் இந்தப் பனித்தெளிப்பு முறையில் வேருக்குக் காற்று தாராளம். ஆனால் தெளிப்பான் அடைத்துக்கொண்டால் எச்சரிக்கை தர அங்கே தேங்கிய தண்ணீர்கூட இல்லை.

நம்மிடம் குளிரூட்டும் கருவி இல்லாவிட்டால் என்ன? சந்தையில் மீனும் பழமும் வரும் வெள்ளை நுரைப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். வெப்பம் அதற்குள் எளிதில் நுழையாது. மதியத்தில் பழைய நெகிழிப் போத்தல் ஒன்றில் நீரை உறையவைத்து உள்ளே மிதக்கவிடலாம். பெட்டிக்குள் வெளிச்சம் புகாதபடி கறுப்புத் தாள் சுற்றினால் பாசியும் பிடிக்காது.

அடுத்தது விளக்கு. அறைக்குள் வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று கண் சொல்லும், கண்ணை நம்பாதீர்கள். நண்பகல் வெயிலில் ஏறக்குறைய 100,000 லக்ஸ் ஒளி; வீட்டு அறையில் சில நூறு. அறையில் வைத்த நாற்று வெளிச்சத்தைத் தேடி நூலாக நீள்வது இதனால்தான். ஒரு கணக்குப் போடுவோம். 40 வாட் எல்இடி விளக்கை நாளுக்கு 14 மணி நேரம் 35 நாள் எரித்தால் 19.6 யூனிட் மின்சாரம். 5 வாட் காற்றுப் பம்பை அதே 35 நாளும் இரவு பகலாக ஓடவிட்டால் 4.2 யூனிட். பம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் விளக்கைக் கவனிப்பதில்லை. காலை வெயில் விழும் பால்கனி இருந்தால் அதுவே மேல்.

சத்துநீரைப் பற்றி ஒன்று. கடையில் ஏ, பி என்று இரண்டு பொட்டலமாக விற்பார்கள். ஏ-யில் கால்சியம், பி-யில் பாஸ்பேட்டும் சல்பேட்டும். அடர்த்தியாக இருக்கும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் அவை சேர்ந்து வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். செடிக்கு எதுவும் கிடைக்காது. வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, ஏ-யை ஊற்றிக் கலக்கி, பிறகு பி-யை ஊற்றுங்கள். காரகாடி அளவு 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்கட்டும்.

இந்த முறையில் விளைச்சல் பல மடங்கு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. 1930களில் கலிபோர்னியாவில் வில்லியம் கெரிக் மண்ணின்றி 25 அடி உயரத் தக்காளிக் கொடியை வளர்த்தபோதும் மக்கள் அப்படித்தான் பரவசப்பட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் சோதித்துப் பார்த்துவிட்டு 1938இல் எழுதினார்கள்: நல்ல மண்ணைவிட இது பெரிதாக மேலானதல்ல. மண் இல்லாத இடத்தில்தான் இதற்கு மதிப்பு. அடுக்குமாடி வீட்டுக்காரர்களான நம்மில் பலருக்கு அது போதும்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், பம்பில்லாப் பெட்டியில் தொடங்குங்கள். சாலட் கீரையைப் பிறகு பார்க்கலாம்; முதலில் சாவி எனப்படும் கடுகுக்கீரையும் கங்கோங்கும். அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது தேடுகிறீர்களா? ஒரே அளவுள்ள இரண்டு நுரைப்பெட்டிகள், ஒரே சத்துநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு சாவி, இரண்டு கங்கோங். முதல் பெட்டியில் நீர் தானாக இறங்கட்டும். இரண்டாவதை நாள்தோறும் விளிம்புவரை நிரப்பிக்கொண்டே வாருங்கள்; அப்போது சத்துநீரையே ஊற்றுங்கள், வெறும் தண்ணீரை அல்ல. பிற்பகல் 2 மணிக்கு நீரின் வெப்பத்தைக் குறித்துவையுங்கள். 30ஆம் நாள் நான்கு சாவியையும் நான்கு கங்கோங்கையும் பிடுங்கி, வேரின் நிறத்தைப் படம் எடுத்து, தராசில் நிறுத்துப் பாருங்கள். எந்தப் பெட்டியில் எந்தக் கீரை இளைத்திருக்கும் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள்.