வலிக்காத நோயாளி

பிள்ளைகளே, கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்தால் என்ன ஆகும் என்று இலங்கையின் பசறை, நமுனுகுல, ஹப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவே தேவையில்லை. ஓட்டம்தான்!

கொட்டு வாங்கிய பலருக்கு வீக்கமும் வலியும் வரும். சிலருக்கு மட்டும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, மயக்கம் வந்துவிடும். ஏன்? விஷத்தை எதிர்க்கவேண்டிய உடம்பின் காவல்படை அளவு மீறிக் கிளம்பிவிடுகிறது. ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிய, பிரஷர் இறங்குகிறது. மூச்சுக் குழாய்களோ ஒடுங்குகின்றன. உடனே தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் ஊசி போடவேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, பதுளைத் தாதியர் கல்லூரியில் படிக்கும் ஓர் அக்கா இந்தச் சிகிச்சையை எப்படிப் பழகுவது? யாரையாவது குளவி கொட்டட்டும் என்று காத்திருக்க முடியுமா? இதற்காகவே உலகெங்கும் பொம்மை நோயாளிகள் வந்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் வந்தவர்களில் ஒருவர் 'மிஸிஸ் சேஸ்'. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் வைத்தியசாலைத் தாதியர் பள்ளிக்காக, பொம்மை செய்யும் மார்த்தா சேஸ் செய்து கொடுத்த ஆளுயரப் பொம்மை. 1960இல் நோர்வே விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 'ரெசஸி ஆன்' பொம்மையைக் கொண்டுவந்தார். நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்துவதை அதில் பழகலாம். ஐந்து சென்டிமீற்றராவது அமுங்கவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. செய்து பார்த்தால்தான் கை எவ்வளவு கடுக்கும் என்று தெரியும்!

ஊசி பழக றப்பர் கை உண்டு. தோலுக்கு அடியில் மெல்லிய குழாய். அதற்குள் சிவப்புச் சாயத் தண்ணீர். ஊசியைச் சாய்த்துச் செலுத்தும்போது முனை குழாய்க்குள் சரியாகப் போனால், ஊசியின் பின்புறத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கும். மறுபக்கம் துளைத்துவிட்டால் ஒன்றும் வராது. மறுபடியும் குத்தலாம், றப்பருக்கு வலிக்காது.

இன்றைய பெரிய பொம்மைகளின் நெஞ்சு ஏறி இறங்கும். மணிக்கட்டில் நாடி துடிக்கும். கண்ணாடிக்கு அப்பால் ஆசிரியர் கணினியோடு இருப்பார். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் பொம்மைக்கு மூச்சு இழுக்கும். திரையில் பிரஷர் 110, 90, 70 என்று விழும். மாணவி முதலில் அலர்ஜி மாத்திரையைத் தேடினால் அது இன்னும் விழும். அட்ரினலின் போட்டால் ஏறத் தொடங்கும். முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள்: எங்கே தாமதித்தோம்? ஏன்? பிறகு மறுபடி முதலிலிருந்து. உயிருள்ள நோயாளியிடம் இந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

ஆனால் பொம்மைக்குப் பயமில்லை. வார்ட்டுக்கு வரும் தோட்ட லயத்துப் பாட்டிக்கு உண்டு. "பயப்படாதீங்க பாட்டி" என்று கையைப் பிடித்துச் சொல்வதை வார்ட்டில்தான் பழகவேண்டும்.

உங்களுக்கு ஒரு வேலை: அடுத்த முறை ஊசி போடப் போகும்போது கண்ணை மூடாமல், தாதி மிஸ்ஸி என்னென்ன சரிபார்க்கிறார் என்று எண்ணுங்கள். குளவி கொட்டியவருக்கு மூச்சு இழுத்தால் அவரை எழுப்பி நடக்கவிடாதீர்கள். உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.